வாளிக் குளியலுக்கு ஒரு பாத் பாம்: மதுரை வெயிலில் வீட்டிலேயே செய்யும் முறை

குளிக்கும் நீரில் போட்டால் பொங்கிக் கரைந்து மணக்கும் உருண்டைதான் பாத் பாம். அதன் செய்முறை தேடுகிறவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டுக் குறிப்புகள். அவற்றில் 150 லிட்டர் கொள்ளும் குளியல் தொட்டி இருக்கும். அதில் கழுத்தளவு நீரில் அரை மணி நேரம் அமிழ்ந்து கிடக்க ஒருவருக்கு நேரமும் இருக்கும். மதுரையில் எத்தனை வீடுகளில் தொட்டி இருக்கிறது? நமக்கு வாய்த்தவை ஒரு வாளி, ஒரு செம்பு, வெளியே காத்திருப்பவர் கதவைத் தட்டும் சத்தம். அந்தக் குறிப்பை நம்பி 150 கிராம் உருண்டையைச் செய்து 20 லிட்டர் வாளியில் போட்டால், வாளி நிறையச் சோடாக் கரைசல்தான் மிஞ்சும். ஊற்றும்போது மேலெல்லாம் வழவழக்கும்; துவட்டிய பிறகு தோல் இழுக்கும். அத்தோடு "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவார்கள்.

ஒத்துவரும். இரண்டே மாற்றங்கள் வேண்டும். உருண்டையை வாளிக்குத் தக்கபடி 25 முதல் 30 கிராம் அளவில், ஒரு சிறிய எலுமிச்சம்பழம் போலப் பிடிக்க வேண்டும். செய்யும் நாளையும் வேளையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவை பணியாரம் சுடத் தெரிந்த எவருக்கும் கைவரக்கூடியவை.

பொங்குவது எப்படி

சமையல் சோடா மென்மையான காரம். எலுமிச்சை உப்பு என்று கடைகளில் விற்கும் சிட்ரிக் அமிலம் அதற்கு நேர் எதிர். இரண்டும் உலர்ந்திருக்கும் வரை ஒரே கிண்ணத்தில் சண்டையில்லாமல் கிடக்கும். ஈரம் பட்டதும் வினை தொடங்கிக் கரியமில வாயு குமிழிகளாக வெளியேறும். வயிறு மந்தமாக இருக்கும்போது ஈனோவைத் தண்ணீரில் கொட்டினால் நுரைத்துக்கொண்டு எழுகிறதே, அதிலும் இந்த இரண்டு பொருள்கள்தாம் வேலை செய்கின்றன. இதை உருண்டையாக்கிக் குளியலறைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் டார்செட்டைச் சேர்ந்த மோ கான்ஸ்டன்டைன் என்ற பெண்மணி. 1989இல் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்து இதைச் செய்து பார்த்தார். பின்னாளில் லஷ் என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அளவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அமிலம் முழுவதும் தீர்ந்துபோக, அதன் எடையைப் போல 1.3 மடங்கு சோடா இருந்தால் போதும். ஆனாலும் பெரும்பாலான செய்முறைகள் இரண்டு மடங்கு சோடா கேட்கின்றன. மிஞ்சும் சோடாவால் நீரில் புளிப்பு தங்காது, உடம்பில் காந்தலும் இருக்காது. அமிலத்தைக் கூட்டினால் இன்னும் வேகமாகப் பொங்குமே என்று ஆசைப்பட்டு விகிதத்தை மாற்ற வேண்டாம். சிறு கீறல் இருந்தால்கூட அது நினைவுபடுத்திவிடும்.

வாங்க வேண்டியவை

12 அல்லது 13 சிறிய உருண்டைகளுக்கு:

சமையல் சோடா 200 கிராம்
சிட்ரிக் அமிலம் 100 கிராம்
கார்ன் ஃபிளவர் 50 கிராம்
தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி
வாசனைத் தைலம் 20 சொட்டுகள், அதற்கு மேல் வேண்டாம்
நுண்துளியாகத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர்

தராசு இல்லாதவர்கள் ஒரே டம்ளரால் இரண்டு அளவு சோடா, ஓர் அளவு அமிலம், ஓர் அளவு கார்ன் ஃபிளவர் என்று எடுத்துக்கொள்ளலாம். கார்ன் ஃபிளவர் எடையில்லாதது என்பதால் டம்ளர் கணக்கில் அதிகம் போலத் தெரியும், சரியாகவே வரும்.

முதல் மூன்றையும் கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்குக் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். ஆனால் கேட்கும்போது கவனமாகக் கேளுங்கள். சமையல் சோடாவும் ஆப்ப சோடாவும் ஒன்றுதான். பேக்கிங் பவுடர் வேறு. அதில் ஏற்கெனவே அமிலமும் மாவும் கலந்திருக்கும், உருண்டைக்கு உதவாது. சலவைச் சோடா முற்றிலும் வேறு. அது துணிக்கானது, தோலை அரித்துவிடும். இந்த ஒரு குழப்பம் மட்டும் வரவே கூடாது. உதிரியாகக் கட்டித் தரும் பொட்டலத்தை விட, பெயர் அச்சிட்ட பாக்கெட் நல்லது.

சிட்ரிக் அமிலம் கற்கண்டுத் தூள் போல இருக்கும். பக்கத்து டப்பாவில் படிகாரமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்பதால், ஒரு கல்லை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். சுருக்கென்று எலுமிச்சைப் புளிப்பு வந்தால் சரியான சரக்கு; துவர்த்து இழுத்தால் படிகாரம். பாக்கெட்டில் உணவுக்கு உகந்தது என்று போட்டிருந்தால் இந்தச் சோதனைக்கும் வேலையில்லை.

வெறுமனே சோள மாவு என்று கேட்டால் நம் பக்கத்தில் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவைக் கட்டிக் கொடுத்துவிடலாம். நமக்கு வேண்டியது சூப்பைக் கெட்டியாக்கப் போடும் வெள்ளை மாவு. விரலிடையில் தேய்த்தால் நறநறவென்று ஓசை எழும். அது கிடைக்காவிட்டால் கூவைக்கிழங்கு மாவு போதும். இந்த மாவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வினையை நிதானப்படுத்துகிறது.

எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், சேர்க்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. வேண்டுமானால் மருந்துக் கடையில் வாங்கி, 30 கிராம் பொடித்துச் சேருங்கள். உரக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மெக்னீசியம் சல்பேட் பயிருக்கானது. அதைக் குளிக்கும் நீரில் போடாதீர்கள். இந்த உப்பு தன் படிகத்துக்குள்ளேயே நீரை வைத்திருக்கிறது. அதனால் முதல் தடவை செய்கிறவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

அச்சுக்கு எங்கும் அலைய வேண்டாம். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய பிளாஸ்டிக் கொழுக்கட்டை அச்சு வீட்டில் இருக்கும். இரண்டு பாதியாகத் திறக்கும் அந்த அச்சு, இதற்கென்றே விற்கும் உலோகக் கோள அச்சுகளைவிட எனக்குப் பிடித்தமானது. மடிப்புகளுடன் அழகாக வரும். பக்கவாட்டில் திறப்பதால் உருண்டை உடைவதில்லை. ஆனால் அதை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள், வாசனை போகாது. சிலிக்கான் ஐஸ் தட்டும் சரிதான். அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கும் இந்த அமிலத்துக்கும் ஆகாது. எவர்சில்வர், கண்ணாடி, பிளாஸ்டிக் இவற்றில் எதுவானாலும் சரி.

நாள் பார்ப்பது

ஐப்பசி அடைமழையில் அப்பளம் இடுவாருண்டா? அதே கணக்குதான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்றிலிருக்கும் ஈரமே உருண்டைக்குப் பகை. கலவை கிண்ணத்திலேயே மெல்லப் பொங்கத் தொடங்கும். காய வைத்த உருண்டை மறுநாள் உப்பிப் பருத்து நிற்கும்.

பங்குனியிலிருந்து ஆனி வரை மதுரை வெயில் நமக்குத்தான் வேலை செய்கிறது. முற்பகல் பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் பிடித்து முடித்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் மாலையில் திடீரென்று இருட்டிக்கொண்டு இடிமழை வரும் வழக்கம் உண்டு. அதற்குள் உருண்டைகளின் மேல்தோல் காய்ந்திருக்க வேண்டும்.

ஏசி இருக்கும் அறை மிகவும் நல்லது, அது காற்றை உலர்த்துகிறது. மின்விசிறியும் பரவாயில்லை. ஏர் கூலர் மட்டும் கூடாது. தண்ணீர் ஊற்றி வைக்கும் அந்தப் பெட்டி அறைக்குள் ஈரக்காற்றைத்தான் தள்ளுகிறது. ஐப்பசியில் செய்வதும், கூலர் ஓடும் அறையில் சித்திரையில் செய்வதும் ஒன்றுதான்.

ஈரம் போகட்டும் என்று சோடாவை வாணலியில் வறுக்க நினைப்பவர்களும் உண்டு. ரவையை வறுத்துப் பழகிய கை அப்படித்தான் போகும். சூடேறினால் சமையல் சோடா மெல்லச் சலவைச் சோடாவாக மாறிவிடும். எதை வாங்கக் கூடாதென்று கடையில் அத்தனை கவனமாக இருந்தோமோ, அதையே அடுப்பில் தயாரித்தது போலாகும். புதுப் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே பயன்படுத்துங்கள்.

பிசைவதும் பிடிப்பதும்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மருந்துக் கடையில் விற்கும் மெல்லிய உறை போதும். அமிலத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது என்பதால் முகக்கவசமும் அணியலாம். சிட்ரிக் அமிலம் பெருங்கல்லாக இருந்தால், நன்றாக உலர்ந்த மிக்ஸி ஜாரில் இரண்டு சுற்று விட்டு, தூசி அடங்கிய பிறகு மூடியைத் திறங்கள். குருணையாகப் போட்டால் உருண்டையின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும், பொங்குவதும் விட்டுவிட்டு நடக்கும்.

சோடாவையும் கார்ன் ஃபிளவரையும் சேர்த்து அகலமான கிண்ணத்தில் சலியுங்கள். கட்டி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. எண்ணெயில் வாசனைத் தைலத்தைக் கலந்து, அதைச் சோடா மாவின் மேல் பரவலாக ஊற்றி, இரு கைகளாலும் தேய்த்துத் தேய்த்துக் கலக்குங்கள். நிறம் சேர்ப்பதானால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். எண்ணெய் மாவெங்கும் பரவியதும் கடைசியாக அமிலத்தைப் போட்டுக் கலக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலிலேயே அமிலத்தைப் போட்டால், தைலத்திலோ நிறத்திலோ இருக்கும் சிறு ஈரம்கூட வினையைத் தொடங்கிவிடும்.

இனி ஈரம் காட்டும் கட்டம். வேலை கெடுவதும் நன்றாக வருவதும் இந்த ஐந்து நிமிடத்தில்தான். ஸ்பிரே பாட்டிலைக் கிண்ணத்திலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்து ஒரே ஒரு முறை அழுத்துங்கள். உடனே கையால் கிளறுங்கள். 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் அந்த இடத்தில் துளி பெரிதாக விழுந்திருக்கிறது. விரலால் அழுத்தி, உலர்ந்த மாவோடு சேர்த்துத் தேய்த்து அடக்குங்கள். மறுபடியும் ஓர் அழுத்து, ஒரு கிளறல். புட்டுக்குப் பிசிறும் மாவுதான் இதற்கும் பதம். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல் தடம் பதிந்து கட்டியாக நிற்க வேண்டும். கட்டை விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். பார்வைக்கு உலர்ந்த மாவாகவே தெரியும். "இன்னும் கொஞ்சம் ஈரம் வேண்டுமோ" என்று மனம் சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. 350 கிராம் கலவைக்கு மொத்தமாக ஒன்றிரண்டு தேக்கரண்டி ஈரத்துக்கு மேல் தேவைப்படாது.

"அக்கா, தண்ணீருக்குப் பதிலாகப் பன்னீர் தெளித்தால் மணக்குமே?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். தெளிக்கலாம், ஆனால் பன்னீரும் தண்ணீர்தானே! அதே எச்சரிக்கை அதற்கும் உண்டு. தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளிக்கலாம். அது வினையைத் தூண்டாது, சீக்கிரம் காய்ந்தும்விடும். ஆனால் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் பூசை விளக்கும் எரியாத இடத்தில், சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். நம் சமையலறைகளில் இது நடக்கிற காரியமா என்று யோசித்துத்தான் நான் தண்ணீரையே முதலில் சொன்னேன்.

பதம் வந்ததும் தாமதம் கூடாது. அச்சின் இரண்டு பாதிகளிலும் கலவையைத் தலைதட்டாமல் குவித்து நிரப்புங்கள். ஒவ்வொரு பாதியையும் கட்டை விரலால் நன்றாக அழுத்திவிட்டு, நடுவில் ஒரு சிட்டிகை உதிரி மாவைத் தூவி, இரண்டையும் சேர்த்து இறுக்கி மூடுங்கள். அடிப்பக்கத் துளை வழியாகவும் கொஞ்சம் மாவை வைத்து அழுத்தினால் அடி தட்டையாக நிற்கும். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடங்கள் கழித்து அச்சின் முதுகில் கரண்டியால் லேசாகத் தட்டித் திறங்கள். உடைந்துவிட்டால் நட்டமில்லை, உதிர்த்துத் திரும்பவும் பிடிக்கலாம். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் கலவையை ஒரு தட்டால் மூடி வைத்தால் காற்றின் ஈரம் ஏறாது.

முறத்தில் பழைய பருத்தித் துணியை விரித்து, உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். நிழலில், காற்றோட்டமாக 24 முதல் 48 மணி நேரம் காய வேண்டும். மொட்டைமாடி வெயில் வேண்டாம், வாசனையெல்லாம் ஆவியாகிவிடும். மறுநாள் ஒரு தடவை திருப்பிவிடுங்கள். நகத்தால் சுரண்டினால் தூள் மட்டும் உதிர்ந்து, தடம் பதியாமல் இருந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

காய்வதற்கு முன் எக்காரணம் கொண்டும் இறுக்க மூடும் பாட்டிலில் அடைக்காதீர்கள். 28 கிராம் உருண்டை ஒன்று முழுதாக வினைபுரிந்தால் சுமார் மூன்று லிட்டர் கரியமில வாயு வரும். பாதி ஈரமான ஏழெட்டு உருண்டைகளைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துத் திருகி மூடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, சாதாரண மூடியுள்ள டப்பாவில் அடுக்கி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைத்தால் இரண்டு மூன்று மாதங்கள் தாங்கும். குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள்.

கைக்கு வராதபோது

மேலெல்லாம் பரு பருவாக உப்பியிருந்தால் ஈரம் கூடிவிட்டது, அல்லது காற்று ஈரமாக இருந்தது. நடுவில் வெடித்துப் பிளந்தால் இரு பாதிகளும் சரியாக ஒட்டவில்லை. அச்சை நிரப்பும்போது இன்னும் குவிக்க வேண்டும். தொட்டவுடன் உதிர்ந்தால் ஈரம் போதவில்லை, இன்னும் ஓர் அழுத்துத் தெளித்துப் பாருங்கள். வெளியே காய்ந்தும் உள்ளே மெத்தென்று இருந்தால் எண்ணெய் மிகுதி. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும். மதுரையில் மார்கழி விடியற்காலை தவிர அதற்கு வழியில்லை. குளிர்நாட்டுக் குறிப்புகளில் இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் சொல்லியிருப்பார்கள். அங்கே அது உறைந்து உருண்டையை இறுக்கும். இங்கே உருகியே கிடக்கும்.

கலவை முழுவதும் பொங்கத் தொடங்கி அடங்கவில்லையென்றால், பெரிய தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே காயவிடுங்கள். காய்ந்ததும் உதிர்த்துப் பொடியாக வைத்துக்கொள்ளலாம். பொங்குவது குறைந்திருக்கும், மணம் இருக்கும். உள்ளபடி சொன்னால், வாளிக் குளியலுக்கு இரண்டு தேக்கரண்டி பொடியும் ஓர் உருண்டையும் ஒரே பலனைத்தான் தரும். தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும், குழந்தைகள் வாளியை எட்டிப் பார்த்துச் சிரிக்கவும்தான் உருண்டை வடிவம்.

மணமும் நிறமும்

மதுரையில் இருந்துகொண்டு மல்லிகை போடாமலா? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு மல்லிகை எளிதில் வசப்படாத பூ. பச்சைப் பூவைக் கலவையில் போட்டால் அதன் ஈரமே உருண்டையைப் பொங்க வைத்துவிடும். உலர்த்திப் போட்டால் பழுப்பேறி, மணமும் போய், சருகு மாதிரி நீரில் மிதக்கும். மல்லிகையின் மணம் ஆவியில் வடிக்க ஒத்துழைக்காது. கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள், அசல் தைலம் விலை மிக அதிகம். மல்லிகை எண்ணெய் என்று சிறு குப்பிகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் செயற்கை மணம். ஊதுபத்திக்கும் விளக்குக்கும் அது சரி, உடம்பில் ஊற்றும் நீருக்கு வேண்டாம். என் வழி வேறு: மணமே சேர்க்காத உருண்டையை நீரில் கரைத்துவிட்டு, மாட்டுத்தாவணிச் சந்தையில் வாங்கிய உதிரி மல்லியில் ஒரு கைப்பிடியை வாளியில் மிதக்கவிட்டால் போதும். மாலையில் மொட்டாகப் போட்டால் வாளியிலேயே விரியும்.

உருண்டைக்குள் சேர்க்க நல்லவை உலர்ந்த பொருள்கள். நாட்டு மருந்துக் கடையில் பன்னீர் ரோஜா இதழ், ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் காய்ந்த சரக்காகவே கிடைக்கும். பொடித்துச் சலித்து, ஒரு தேக்கரண்டி அளவில் நிறுத்துங்கள். இதழை முழுதாகப் போட்டால் பார்க்க அழகு, பிறகு சாக்கடைச் சல்லடையில் அடைத்துக்கொண்டு நிற்கும். தைலமென்றால் லாவெண்டர், எலுமிச்சைப் புல், வெட்டிவேர் மூன்றும் நன்றாகப் பொருந்தும். கிராம்பு, இலவங்கப்பட்டைத் தைலங்கள் தோலைப் புண்ணாக்கக்கூடியவை. கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து. சளிக்கு நல்லதென்று நீலகிரித் தைலத்தைத் தாராளமாக ஊற்றும் பழக்கமும் இங்கே வேண்டாம்.

நிறத்துக்கு மஞ்சள் தூளைத்தான் கை தேடும். மஞ்சளும் காரமும் சேர்ந்தால் சிவக்கும். குங்குமம் செய்வதே அந்தச் சூட்சுமத்தில்தான். உருண்டையாக இருக்கும்போது பொன்னிறமாக இருப்பது, சோடா மிஞ்சிய நீரில் செம்மை பாய்ந்து குழம்பு நிறமாகப் போகலாம். வாளியிலும் துண்டிலும் கறை வேறு. கால் தேக்கரண்டி கஸ்தூரி மஞ்சளோடு நிறுத்திக்கொண்டால் தொல்லையில்லை. செம்பருத்திப் பொடி இதற்கு எதிர்த்திசையில் விளையாடும்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம் கலந்த மங்கல். சங்குப்பூப் பொடி மட்டும் நீரில் இதமான நீலமாகக் கரையும். பீட்ரூட் பொடியைப் பலர் பரிந்துரைப்பார்கள். நாள்பட அது பழுப்பாகிவிடும். என்னைக் கேட்டால் வெள்ளை உருண்டைக்கு ஒரு குறையும் இல்லை. ஹோலிப் பொடியும் கோலப்பொடியும் எக்காரணத்துக்காகவும் கூடாது.

வாளியில் போடும் முறை

வாளியில் வெதுவெதுப்பான நீரை முக்கால் பங்கு நிரப்பி ஒரே ஓர் உருண்டையைப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் கரைந்துவிடும். கோடையில் வெந்நீர் போட வேண்டிய வேலையே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர்தான். பித்தளை, செம்பு அண்டாவில் நேரடியாகப் போட்டால் அமிலம் உலோகத்தைக் கரைக்கும். பிளாஸ்டிக் வாளியிலேயே கரைத்துக்கொள்ளுங்கள்.

சோப்புப் போட்டுக் குளித்து முடித்த பிறகு, கடைசியாக ஊற்றும் நீராக இதை வைத்துக்கொள்வது நல்லது. கழுத்துக்குக் கீழே ஊற்றுங்கள். தலைக்கு ஊற்றினால் மிச்சச் சோடாவால் முடி வறண்டு போகும். எண்ணெய் இருப்பதால் தரை வழுக்கும். முதியவர்கள் இருக்கும் வீடுகளில் எண்ணெயே இல்லாமல் செய்துவிடுங்கள், உருண்டை அப்போதும் பிடிபடும். குளித்ததும் தரையில் ஒரு வாளி வெறும் நீரை ஊற்றித் தள்ளிவிட்டால் மாவுப் படிவும் போய்விடும்.

புறநகர்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது. உருண்டை பொங்கும்போது அமிலமும் சோடாவும் சேர்ந்து உண்டாகும் சிட்ரேட் என்ற உப்பு அந்த நீரின் சுண்ணாம்பைக் கொஞ்சம் பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் ஓர் உருண்டையால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடாது.

பாதக் குளியலுக்குத்தான் இது மிகவும் பொருத்தம் என்பது என் எண்ணம். சித்திரைத் திருவிழாவில் வெறுங்காலோடு நான்கு மாசி வீதிகளையும் சுற்றிவிட்டு வந்தவர்களுக்கு, அகலமான பேசினில் ஆறு லிட்டர் வெதுவெதுப்பான நீர், அதில் அரை உருண்டை, கால் மணி நேரம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கால் ஊற வைக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடும் தெரியாது, புண்ணும் தெரியாது. கைக்குழந்தைகளுக்கும், படை, சிரங்கு, ஆறாத காயம் உள்ளவர்களுக்கும் இது கூடாது. மற்றவர்களும் முதல் தடவை கரைசலை முழங்கைக்குள் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

கொழுக்கட்டை அச்சில் செய்வதால் இன்னோர் ஆபத்தும் உண்டு. பார்க்கக் கொழுக்கட்டையாகவே இருக்கும். வீட்டுக்கு வந்த பிள்ளை எடுத்துக் கடித்துவிடும். டப்பாவின் மேல் 'குளிப்பதற்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பரிசாகக் கொடுக்கும்போது என்னென்ன சேர்த்திருக்கிறது என்பதையும் செய்த தேதியையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

நான்கு பேர் நன்றாக இருக்கிறது என்றதும் விற்கலாமே என்று தோன்றும். வீட்டு உபயோகத்துக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களை விற்பனைக்காகத் தயாரிக்க, 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். தயாரிப்பு இடம், ஆட்கள், லேபிள் எல்லாவற்றுக்கும் நிபந்தனைகள் உண்டு. சுய உதவிக் குழுவாகச் செய்ய நினைப்பவர்கள் அச்சு வாங்குவதற்கு முன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடைந்ததும், நாள்பட்டுப் பொங்காமல் போனதும் டப்பாவின் அடியில் சேரும். அவற்றைக் கழுவுதொட்டித் துளையில் போட்டு, மேலே ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றுங்கள், நாற்றம் போகும்.